நம்பாதவன் தலைக்கட்டு வரி கட்டலாமா?

கேட்டவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஊரில் பல வருடங்களுக்குப் பிறகு திரௌபதி அம்மனுக்குப் பாரதத் திருவிழா எடுக்கிறார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, 3,000 ரூபாய் என்று வரி போட்டு, இவருக்கும் போன் வந்திருக்கிறது. இவருக்கோ சாமி நம்பிக்கை கிடையாது. "செவ்வாய் கிரகத்துக்கே விண்கலம் அனுப்பியாச்சு. இன்னுமா மனுசனுக்கு மதமும் சாமியும் தேவை? தேவையில்லைன்னா நான் எதுக்கு வரி கட்டணும்?" என்று எழுதியிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி பெரியது. இரண்டாவதுதான் கஷ்டமானது.

தம்பி, என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாமி கும்பிடுவதில்லை. வீட்டில் கும்பிடுகிறார்கள், நான் தடுப்பதும் இல்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் தர்மபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த உலகம் ஓட ஒரு கடவுள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் கடவுள் பேரைச் சொல்லி மனிதர்கள் செய்துகொண்டிருந்த வேலைகள் ஏராளம். அவற்றில் சிலவற்றை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டு இன்னும் நன்றாகவே செய்கிறார்கள். சில வேலைகள் அப்படியே கிடக்கின்றன, கை வைக்க ஆளில்லை. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் தேவை, தேவையில்லை என்று இரண்டு கோஷ்டியாக நின்று கத்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாரியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் இருந்த பெரிய இலாகா அம்மை நோய். பெரியம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிதம் போட மாட்டார்கள், வந்திருப்பது நோய் என்றே சொல்ல மாட்டார்கள், 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-க்குப் பிறகு இல்லை. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. கணக்குப்படி பார்த்தால் அதற்குப் பிறகு மாரியம்மன் கோயில்கள் பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. எங்கள் தெருக் கோயிலுக்கு 1980-க்குப் பிறகுதான் கோபுரமே வந்தது. முன்பு ஒரு வேப்ப மரமும் ஒரு கல்லும்தான். இலாகா பறிபோனது ஆத்தாளுக்கும் தெரியவில்லை, கூழ் ஊற்றுகிறவர்களுக்கும் தெரியவில்லை. மதம் என்பது விஞ்ஞானம் தெரியாத காலத்து விளக்கம் மட்டும்தான், விஞ்ஞானம் வந்தால் தானாகப் போய்விடும் என்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அதே சமயம் பறிபோன இலாகா பறிபோனதுதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் சாட்சி என் வாய்க்குள்ளேயே இருக்கிறது. என் பல்லைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். பழுப்புக் கறை, குறுக்கே கோடு கோடாக. எங்கள் பாறை நிலத்தில் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பல் முளைத்து வரும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை ஆயுசுக்கும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும், முதுகு வளைக்க வராது, சில பிள்ளைகளுக்குக் கால் கோணும். காய்ச்சிக் குடித்தாலும் பலனில்லை. கால் கோணிய பிள்ளையைப் பார்த்துக் குலதெய்வக் குத்தம், போன ஜென்மத்துப் பாவம் என்று பேசிய பெரியவர்களை நான் கேட்டிருக்கிறேன். பாவம் அந்தத் தாய், தண்ணீரும் அதே கிணற்றில் எடுப்பாள், வேண்டுதலும் வைப்பாள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கல் நாட்டினார்கள். ஜப்பான் கடன் கொடுத்தது. 2013-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. எங்கள் பள்ளியின் பழைய குரூப் போட்டோக்களில் பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் முக்கியமாக. இப்போது எடுக்கும் படங்களில் பல் தெரிகிறது. எத்தனையோ தலைமுறை வேண்டுதலில் ஆகாததைக் குழாய் செய்தது. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை.

சரி, அதே வீட்டில் இன்னொரு காட்சியையும் பாருங்கள். தோட்டத்தில் போர் போடும் வண்டி வந்து நிற்கிற நாள். முதல் நாளே நீரோட்டம் பார்க்கிறவர் வந்துவிட்டுப் போயிருப்பார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் மெல்ல நடப்பார், தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் சுண்ணாம்பால் குறி போடுவார். (கை லேசாக அசைவது அவருக்கே தெரியாது என்பது என் அபிப்பிராயம்.) மறுநாள் அந்தக் குறியில் எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றி, கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவில் குடும்பமே கை கூப்பி நிற்கும். இஞ்சினியரிங் படித்த மகனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பான். ஆழம் போகப் போக அடிக்கு இவ்வளவு என்று ரேட் ஏறிக்கொண்டே போகும். எண்ணூறு அடியிலும் வெறும் பாறைப் புழுதியாகக் கிளம்பினால், அந்த வீட்டு அம்மாள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அடகுக் கடைக்குப் போகப்போவது எது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை பூஜையும் போருக்குத்தான். ஒகேனக்கல் குழாயைத் திறக்க யாரும் சூடம் ஏற்றுவதில்லை. அது வரும், அல்லது வராது. வராவிட்டால் சாமியைக் கும்பிட மாட்டார்கள், ஊராட்சித் தலைவரைத் திட்டுவார்கள்.

இதையே நூறு வருடங்களுக்கு முன்னால் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் கடலில், டுரோபிரியாண்ட் தீவுகளில் பார்த்து எழுதி வைத்தார். அந்த ஜனங்கள் தீவை ஒட்டிய காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரமும் சடங்கும் கிடையாது. அங்கே அலையில்லை, மீன் நிச்சயம், பயமில்லை. திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரம் மேல் மந்திரம். அவர்களுக்கு மீன்பிடி நுட்பம் தெரியாது என்று அர்த்தமில்லை, நன்றாகத் தெரியும். தெரிந்த வரைக்கும் நுட்பம், கைமீறிய இடத்தில் மந்திரம்.

அந்தக் கைமீறிய இடம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. என் அம்மா அம்மைக்கும் பேதிக்கும் வேண்டினாள். என் மகள் நீட் தேர்வுக்கு வேண்டினாள். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி விலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாதம் பவுன் மாதிரி விற்கும், அடுத்த மாதம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். மழைக்கு வேண்டிய விவசாயி இப்போது விலைக்கு வேண்டுகிறார். மழையைவிட விலைக்குத்தான் விளக்கம் சொல்ல முடிவதில்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வாழ்க்கையில் பயம் குறைந்த இடங்களில் சாமி நம்பிக்கையும் குறைகிறது. வயதானால் பென்ஷன், நோய் வந்தால் இலவச வைத்தியம், வேலை போனால் உதவித் தொகை என்று இருக்கிற நாடுகளில்தான் கோயில் காலியாகிறது. உலகத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் எந்த மதத்தையும் சேராதவர். கடவுள் நம்பிக்கை குறைந்த ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஒழுக்கம் கெட்டு ஊர் பாழாகிவிடவில்லை. ஆனால் ஸ்வீடனில் ஒரு வேடிக்கை. அங்கே பழைய அரசுத் தேவாலயத்தை 2000-இல் அரசிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் மிகச் சொற்பம். இருந்தாலும் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்னும் அதில் உறுப்பினர்கள். சம்பளத்தில் சுமார் நூற்றுக்கு ஒன்று, வருமான வரியோடு சேர்த்துப் பிடிக்கப்படுகிறது. நம்பாமலே தலைக்கட்டு வரி கட்டுகிறார்கள் தம்பி. கேட்டால், செத்த பிறகு கல்லறைக்குக் கொண்டுபோக ஓர் இடம் வேண்டாமா என்பார்கள். அடக்கச் சடங்குகள் இன்றைக்கும் பெரும்பாலும் தேவாலயத்தில்தான்.

மதத்தை அடித்துத் துரத்திப் பார்த்த நாடுகளும் உண்டு. அல்பேனியா 1967-இல் மசூதி, தேவாலயம் எல்லாவற்றையும் இழுத்து மூடி, உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டது. 1990-இல் தடை விலகியதும் ஜனங்கள் திரும்பப் போனார்கள். சோவியத்காரர்கள் கோயில்களை மூடிவிட்டு, 1924-இல் இறந்த லெனின் உடம்பைப் பதப்படுத்தி வைத்தார்கள். அதைப் பார்க்க வரிசை நின்றது, இன்னும் நிற்கிறது. நம் ஊரில் பெரியார் சிலைக்கு செப்டம்பர் 17-இல் மாலை போடுகிற தோழர்களிடம் இதை நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடவுள் பயம் இல்லாவிட்டால் மனிதன் கெட்டுப்போவான் என்று சொல்கிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைக் காட்டினால் போதும். சேலம் பக்கம் இறங்கும் லாரிகளில் கண்ணாடிக்கு முன்னால் சாமி படம், மாலை, ஊதுவத்தி எல்லாம் இருக்கும். சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகும் நாலு குடும்பம் காலி. படம் முன்னால், கியர் நியூட்ரலில். பல பேருடைய பக்தி இந்த நிலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னும் கசப்பானதும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைகள் பிறந்த ஊர்கள் சாமியில்லாத ஊர்கள் அல்ல. ஊர் எல்லையிலும் நடுவிலும் அம்மன் உட்கார்ந்திருந்த ஊர்கள்.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரச் சோதனை என்ற பேரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கே 19 வருடம். அத்தனை வருடமும் அந்தப் பெண்களோடு நின்றவர்கள் செங்கொடி இயக்கத்துத் தோழர்களும் பழங்குடி மக்கள் சங்கத்தாரும். அவர்களில் பலருக்குச் சாமியும் இல்லை, சொர்க்கமும் இல்லை. மறுபிறவியில் நீதி கிடைக்கும் என்று அவர்கள் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. இந்தப் பிறவியிலேயே வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்லவனாக இருக்கக் கடவுள் வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் நான் வாச்சாத்திக்கு பஸ் எந்த நிறுத்தத்தில் ஏறணும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். மதமும் கடவுளும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதே தர்மபுரியில், தகடூர் என்று பேர் இருந்த காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர் ஆட்சியின்போது சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சமணத்தில் உலகத்தைப் படைத்த கடவுள் கிடையாது. நோன்பு உண்டு, கொல்லாமை உண்டு, துறவு உண்டு. படைத்தவன் இல்லாத மதம் நம் ஊருக்கு 1,100 வருடங்களுக்கு முன்பே பழக்கம்.

இனி, ஆள் கிடைக்காத வேலைக்கு வருகிறேன். அது சாவு.

உங்களிடம் வரி கேட்கிற அதே பாரதத் திருவிழாவில் கடைசி நாள் படுகளம் நடக்கும். சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கக் கூத்து முடிந்து விடிந்த பிறகு, திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு தெரு நீளத்துக்கு. சுண்ணாம்பும் கரியும் வைத்து முழி தீட்டியிருப்பார்கள். தொடையில் சிவப்புத் தண்ணீர் நிறைத்த பானை புதைந்திருக்கும். வீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி ஓடிவந்து கதையால் அடிப்பார். பானை உடைந்து சிவப்பு பொங்கியதும் பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்புறம் அடங்கிவிடும், ஏனென்றால் ஒப்பாரி ஆரம்பிக்கும். துரியோதனன் பெண்டாட்டியாக வேஷம் கட்டியவர் மண்ணில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு பாடுவார். கெட்டவனுக்கு எதற்கு ஒப்பாரி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் கெட்டவனுக்கும் உண்டு.

காரிமங்கலம் பக்கம் ஓர் ஊரில் ஒரு வருடம் நான் பார்த்தது. கூட்டத்தில் நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மாள். மகன் ஆறு மாதத்துக்கு முன் நெடுஞ்சாலையில் பைக்கில் போய்ச் செத்திருந்தான். சாவு வீட்டில் அவள் அழவே இல்லை, கல்லாட்டம் இருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். அன்று அந்த ஒப்பாரி மூன்றாவது கண்ணிக்கு வந்தபோது எழுந்து போய் மண் துரியோதனன் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பேரை விட்டுவிட்டுத் தன் பிள்ளை பேரை வைத்துப் பாட ஆரம்பித்தாள். வேஷக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். அப்புறம் அவள் அடிக்குப் பின்பாட்டு மாதிரி தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மிருதங்கக்காரரும் நிறுத்தவில்லை. யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நாலைந்து பெண்கள் போய்த் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் அது நடந்தது. எனக்குத் தெரிந்த எந்த மனநல ஆலோசனை அறையும் அவ்வளவு பெரிசாக இல்லை.

பகுத்தறிவு இயக்கம் இந்த இடத்தைப் பார்க்காமல் இல்லை. கல்யாணத்துக்கு அவர்கள் நல்ல மாற்று கண்டுபிடித்தார்கள். ஐயரும் அக்கினியும் இல்லாமல், மாலை மாற்றி, நாலு பேர் வாழ்த்திப் பேசினால் கல்யாணம். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அதைச் சட்டமாக்கிச் செல்லும்படி செய்தார்கள். இன்றைக்கும் அது நிற்கிறது. கவனியுங்கள், அவர்கள்கூடச் சடங்கை விடவில்லை, சாமியை மட்டும்தான் விட்டார்கள். சாவுக்கு அவர்கள் கொண்டுவந்தது படத்திறப்பு. அது அவ்வளவாக வேர் பிடிக்கவில்லை என்பது என் கருத்து. பேச்சு அதிகம், அழ இடமில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர், கறுப்புச் சட்டைக்காரர், இறந்தபோது அவர் சொல்லியிருந்தபடியே எந்தச் சடங்கும் இல்லாமல் எரித்தோம். பதினாறாம் நாள் படத்திறப்பு. நானும் பேசினேன். எல்லோரும் போன பிறகு பந்தல்காரருக்குக் கணக்கு முடிக்க உள்ளே போனேன். அவர் மனைவி, அவரும் இயக்கத்து மேடைகளில் பேசியவர்தான், படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியும் இரண்டு முறுக்கும் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் கணக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

அவர் மூடநம்பிக்கையில் விழுந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கணவர் வந்து குடிப்பார் என்று அவர் நம்பினாரா? கிடையாது. நம்பாமலே வைத்தார். இதற்கு நம் ஊரிலேயே பழைய முன்னுதாரணம் உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்து நடுகல் ஆனபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆவது பாட்டு. நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் மது வார்க்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காத ஆள், இந்தக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார் ஔவை. சந்தேகமும் அங்கேதான் இருக்கிறது, கலமும் அங்கேதான் இருக்கிறது. ஒன்று மற்றதைத் துரத்தவில்லை. நம்பினால்தான் செய்ய வேண்டும், நம்பாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்ற கறார் கணக்கு பிற்காலத்தில் வந்தது.

நடுகல் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் வேடியப்பன் கோயில் என்று நூற்றுக்கணக்கில் பார்க்கிறோமே, அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது நடுகல்தான். மாட்டைக் கவர்ந்துகொண்டு போனவர்களை எதிர்த்துச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன். சில கற்களில் வட்டெழுத்தில், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டில், யார், எதற்காகச் செத்தான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சாமிக்குப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிற மாவட்டம் நம்முடையது. வேறு ஊர்களில் கடவுள் எப்படி உண்டானார் என்று தத்துவம் பேசுவார்கள், இங்கே போய்ப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வட்டெழுத்து படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரோடு நானும் சில வருடங்கள் இந்தக் கற்களின் பின்னால் அலைந்தேன். பென்னாகரம் பக்கம் ஒரு கொட்டாயில், எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப்போன ஒரு கல். பூசாரிக் கிழவரிடம் அனுமதி கேட்டு, துடைத்து, மாவு தடவிப் படித்தோம். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் குசும்பு. "தாத்தா, இது சாமி இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால மாட்டை மீட்கப் போய் அம்பு வாங்கிச் செத்த ஒரு ஆளு" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார். குனிந்து, கல்லில் செதுக்கிய ஆள் மார்பில் தைத்திருந்த அம்பை விரலால் தடவினார். இத்தனை நாளும் அதை மாலை என்று நினைத்திருந்தாராம். "ஊர் மாட்டுக்காகவா சார் செத்தாரு?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நாங்க சரியாத்தான் கும்பிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப எண்ணெய் வைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு 'இது சாமி இல்லை' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் கல் மழை தரும் என்பது பொய். ஆனால் நமக்காகச் செத்தவனை மறக்காமல் இருக்க ஒரு கல், ஒரு நாள், ஒரு படையல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இப்போது வரி. மதத்திடமிருந்து இன்னும் எனக்கு வேண்டியது இந்தக் கூடி அழுகிற, கூடி நினைக்கிற வேலை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். கூடி என்றால் யார் கூடி? அந்தப் படுகளத் திடலில் காலனித் தெருப் பெண், அதாவது தலித் குடியிருப்புப் பெண், வந்து தன் மகன் பேரைச் சொல்லி அழ முடியுமா? இதைக் கேட்காமல் வரி கட்டாதீர்கள். பல ஊர்களில் அந்தத் தெருவிடம் வரியே வாங்க மாட்டார்கள். பார்க்கத் தாராளம் மாதிரி இருக்கும், 'அவங்க பாவம், இல்லாதவங்க, எதுக்கு' என்பார்கள். விஷயம் வேறு. வரி வாங்கினால் பங்காளி ஆகிவிடுவான். பங்காளி ஆனால் மரியாதை கேட்பான், தேர் தன் தெருவுக்கும் வரணும் என்பான், படுகளத்தில் முன்னால் நிற்பான்.

ஆகவே ஊருக்குப் போன் போட்டு இது ஒன்றை மட்டும் கேளுங்கள். எல்லாத் தெருவிலும் வாங்குகிறார்கள் என்றால் 3,000-ஐக் கொடுத்துவிடுங்கள். சாமி இருக்கிறதா என்பது அந்த ரூபாயில் அடங்காது. லீவு போட்டுவிட்டுப் படுகளத்துக்கும் போங்கள். விழுந்து கும்பிட வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வாங்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நாத்திகன் என்பதால் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்காமல், காரணத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். வீட்டில் சண்டை வரும். அம்மா அழுவார். அதைத்தான் ஆரம்பத்தில் கஷ்டம் என்றேன்.

எங்கள் ஊரில் இதற்குப் பதினோரு வருடம் பிடித்தது. தாசில்தார் ஆபீசில் இரண்டு தடவை சமாதானக் கூட்டம், ஒரு வருடம் திருவிழாவே நின்றுபோனது, என் வீட்டுக்கு யாரும் பத்திரிகை வைக்காத காலம் ஒன்றும் இருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வரி வாங்குகிற முதல் நாள் சாயங்காலம் கோயில் முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். காலனியிலிருந்து முதலில் வந்தவர் ஒரு பழைய கொத்தனார். 500 ரூபாயை எண்ணி வைத்தார். பொருளாளர் நோட்டில் குறித்துக்கொண்டு "சரி, போயிட்டு வாங்க" என்றார். அவர் நகரவில்லை.

"ரசீது?"

"ஊருக்குள்ள என்னய்யா ரசீது" என்று சிரித்தார் பொருளாளர்.

"எல்லாருக்கும் குடுத்தீங்களே சாமி."

ரசீது புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார்கள். கொத்தனார் அதைத் தெருவிளக்குக்குக் கீழே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பி வந்து மேஜையில் வைத்தார். பேரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் பொருளாளர் கையெழுத்தும் போட வைத்து வாங்கிக்கொண்டுதான் போனார்.